பரண் மேல் ஒரு பதுக்கல்

*ப்ளவுஸ் தைத்த மிச்சம், பழைய புடவையின் ஓரம், தள்ளுபடியில் வாங்கிய அரை மீட்டர்... வீட்டில் சேர்ந்துபோன துண்டுத்துணி ஒருநாள் போர்வையாவதும் பூச்சிக்கு இரையாவதும் எதைப் பொறுத்தது?*

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பரணிலிருந்து நான்கு கட்டைப்பைகள் இறங்கின. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜவுளிக்கடைப் பெயர். உள்ளே இருந்தவை துணித் துண்டுகள். ப்ளவுஸ் வெட்டிய மிச்சம், மகளின் பள்ளிக்கூட நாடகத்துக்குத் தைத்த பாவாடையின் ஓரம், யார் வீட்டுக் கொலுவுக்கோ போய்த் தாம்பூலத்தோடு வாங்கி வந்த ரவிக்கைத் துணிகள், பாதி விலை என்று எழுதியிருந்ததற்காகவே எடுத்த அரை மீட்டர்கள். நான்காவது பையை அவிழ்த்ததும் ஒரு வாடை வந்தது. போன ஐப்பசியில் பரணில் கசிந்த மழை, தை பிறக்கப் போகும்போதும் அங்கேயே குடியிருந்தது.

“அம்மா, எல்லாத்தையும் போகியில போட்டுடலாமா?” என்றாள் மகள்.

பதில் சொல்வதற்கு முன்னால் எடை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. தெருவில் பழைய பேப்பர்காரர் குரல் கேட்டது. கூப்பிட்டேன். பைகளைப் பார்த்ததுமே, “துணி எடுக்கறதில்லக்கா” என்றார். எடுக்க வேண்டாம், நிறுத்து மட்டும் சொல்லுங்கள் என்றேன். கொக்கித் தராசில் பைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. மொத்தம் 11 கிலோ.

நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணி சதுர மீட்டருக்குச் சுமார் 145 கிராம் இருக்கும். 110 செ.மீ. பன்னாவில் ஒரு மீட்டர் என்றால் 160 கிராம். அதாவது ஒரு கிலோவுக்கு ஆறு மீட்டர், கொஞ்சம் கூட. அந்தக் கணக்கில் என் பரணில் கிட்டத்தட்ட 70 மீட்டர் துணி கிடந்திருக்கிறது. ஆனால் இத்தனை வருஷத்தில் வேண்டிய நேரத்தில் அதிலிருந்து ஒரு சாண்கூடக் கைக்கு வந்ததில்லை. தேடச் சலித்துக்கொண்டு புதிதாக வாங்குவேன். அதில் மிஞ்சியதும் அதே பைக்குள் போகும்.

துண்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்கள் எல்லார் வீட்டிலும் இந்தப் பைகள் உண்டு. பை இருப்பது தப்பில்லை. உள்ளே போன துணிக்கு ஓர் அளவும் ஓர் இடமும் இல்லாததுதான் கோளாறு. இதை நான் புரிந்துகொள்ள 11 கிலோ தேவைப்பட்டது.

பதுக்கலுக்கு ஒரு பேர்

க்வில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த பக்கம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிற தையலுக்குத்தான் க்வில்ட்டிங் என்று பேர். மேல் பக்கத்துக்காகச் சேர்த்துவைக்கும் துணியை அமெரிக்கப் பெண்கள் ‘ஸ்டாஷ்’ என்கிறார்கள். ரேஷன் அரிசிக்கு நாம் சொல்லும் ‘பதுக்கல்’ இதற்கு அப்படியே பொருந்தும்.

அவர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளத் தயங்குவதில்லை. பாதியில் நின்றுபோன வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘யு.எஃப்.ஓ.’, பறக்கும் தட்டின் சுருக்கெழுத்துதான், விரிவு மட்டும் ‘முடியாத பொருள்’. சாகும்வரை தைத்தாலும் தீராத அளவுக்குத் துணி சேர்ந்துவிட்டால் அந்த நிலைக்கு ‘சேபிள்’ என்று ஒரு சுருக்கெழுத்து.

கடைகளும் இந்த ஆசைக்குத் தோதாகத் துணியை வெட்டித் தருகின்றன. ‘ஃபேட் குவார்ட்டர்’ என்பது 18 அங்குலம், 22 அங்குலத் துண்டு. கால் கெஜத்தை நீளவாக்கில் வெட்டினால் 9 அங்குல அகலத்தில் ஒல்லியாக வரும். அரைக் கெஜத்தை வெட்டி அதைக் குறுக்கே பாதியாக்கினால் அதே அளவு துணி சதுரத்துக்கு நெருக்கமாக வருகிறது, பெரிய பூ ஒன்று முழுசாக அதில் அடங்கும். 2½ அங்குலப் பட்டைகளைச் சுருட்டி, கேக் மாதிரி ரிப்பன் கட்டி, ‘ஜெல்லி ரோல்’ என்று விற்கிறார்கள். 5 அங்குலச் சதுரங்கள் ஒரு கட்டு, 10 அங்குலச் சதுரங்கள் ஒரு கட்டு. நம்முடைய ஃபேட் குவார்ட்டர் தாம்பூல ரவிக்கைத் துணிதான். யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. ஒரு நவராத்திரியில் கொடுத்தது மூன்றாவது நவராத்திரியில் நமக்கே திரும்பி வரும்.

1979-ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் பீட்சா வெட்டும் சக்கரம் போல ஒரு வட்டக்கத்தியைக் கொண்டுவந்தது. தடித்த அளவுகோலை வைத்து அதை ஒருமுறை உருட்டினால் நான்கு மடிப்புத் துணி ஒரே இழுப்பில் நேராக அறுபடும். கத்தரிக்கோலால் ஒரு மத்தியானம் முழுக்க வெட்டியதைப் பத்து நிமிஷத்தில் வெட்ட முடிந்தது. வெட்டு வேகமெடுத்தபோது மிச்சமும் வேகமாகச் சேர்ந்தது.

துணி அரிதாயிருந்த காலம்

1811 மே 31-ம் தேதி, இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்திலிருந்து நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தன் அக்கா கசாண்ட்ராவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒட்டுவேலைக்குத் துணித் துண்டு சேர்க்க ஞாபகம் இருந்ததா என்று அதில் விசாரிக்கிறார்; இங்கே வேலை நின்றுபோய்க் கிடக்கிறதாம். ஆஸ்டினும் அக்காவும் அம்மாவும் சேர்ந்து தைத்த அந்த மெத்தை விரிப்பு இன்றும் சாட்டன் வீட்டில் இருக்கிறது. மூன்று பெண்கள் உட்கார்ந்து தைத்த வீட்டில் துணி தீர்ந்துபோயிற்று! என்னைப் போன்றவர்கள் அந்தக் கடிதத்தைப் பொறாமையோடுதான் படிக்க முடியும்.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன், அந்த நாட்டுக்கு நல்ல பருத்தி போனது நம் கடற்கரையிலிருந்து. நாம் சீட்டி என்று சொல்லும் பூப்போட்ட துணி, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவையே மயக்கியது. தோய்த்தாலும் போகாத சிவப்பையும் நீலத்தையும் அவர்கள் அதற்குமுன் பருத்தியில் பார்த்ததில்லை. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1721-ல் பிரிட்டன் அச்சிட்ட பருத்தியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடைச்சட்டம் போட்டது. 1774-ல்தான் அது தளர்ந்தது. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழையது என்று பலரும் காட்டுவது, வடக்கே லீவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கும் கட்டில் விரிப்பு. 1708-ஐ ஒட்டியது. தைத்திருப்பது இந்தியச் சீட்டித் துண்டுகளில். ஒரு பூ, ஒரு கிளிகூட வீணாகாமல் கத்தரித்து வேறு துணிமேல் வைத்துத் தைக்கும் வழக்கமும் அந்தச் சீட்டியோடு வளர்ந்ததுதான்.

வறுமையில் சேர்த்தவர்கள் இன்னும் கறாராகச் சேர்த்தார்கள். ஜப்பானின் வடகோடியான அவொமோரிப் பக்கத்தில் குளிருக்குப் பருத்தி விளையாது. சணல் வகை நாரில் நெய்த உடையின் மேல், தெற்கிலிருந்து வந்த பழைய பருத்தித் துணுக்குகளை அடுக்கி அடுக்கித் தைத்து உடுத்தினார்கள். அந்த ஒட்டுத்துணிக்கு ‘போரோ’ என்று பெயர். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு ஜப்பானியர்களிடம் ஒரு பழமொழி அளவாகவே இருக்கிறது: மூன்று அசுகிப் பயறை முடிந்துவைக்க முடிகிற துணியைத் தூக்கி எறியாதே. அசுகி நம் தட்டைப்பயறுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி, சிவப்பாக, சின்னதாக இருக்கும்.

மகள் அடுக்களையிலிருந்து மூன்று தட்டைப்பயறு எடுத்துவந்து சோதித்தாள். இரண்டு அங்குலச் சதுரத்தில் முடிச்சு நின்றது. ஒன்றரையில் பயறு எட்டிப் பார்த்தது.

கால் அங்குலக் கணக்கு

எவ்வளவு சின்னதுவரை வைத்துக்கொள்வது என்பதற்குத் தையலே பதில் வைத்திருக்கிறது. துண்டுத்துணி வேலையில் தையல் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே ஓடும். நான்கு பக்கமும் கால் கால் அங்குலம் உள்ளே மடங்கிப் போகும்.

2½ அங்குலச் சதுரம் தைத்து முடிந்தபின் 2 அங்குலமாகத் தெரியும். பரப்பில் பார்த்தால் துணியில் 36 சதவீதம் கண்ணுக்குத் தெரியாமல் தையலுக்குள் போய்விட்டது. 3½ அங்குலச் சதுரத்தில் உள்ளே போவது 27 சதவீதம்தான். 1½ அங்குலத்துக்கு வந்தால் பாதிக்கு மேல், 56 சதவீதம். ஒரு அங்குலத் துண்டைத் தைத்தால் அரை அங்குலம் மட்டுமே வெளியே தெரியும். முக்கால் பங்கு துணி தையலைப் பிடித்துக்கொள்வதற்கே சரியாகப் போகும். அதற்குக் கீழே தைத்தால் நாம் போர்வை தைக்கவில்லை, தையலைத் தைக்கிறோம்.

அதனால் ஒன்றரை அங்குலம் என் கோடு. அதற்குக் கீழே உள்ளது டப்பாவுக்குள் வராது. குத்தூசித் தலையணைக்குள் திணிக்கலாம், நாய்க்குப் படுக்கை தைத்தால் உள்ளே போடலாம்.

மேலே உள்ளதை என்ன செய்வது? அமெரிக்காவில் பானி ஹன்டர் என்ற க்வில்ட் ஆசிரியை பரப்பிய முறை ஒன்று உண்டு. மிச்சத்தை மிச்சமாகவே வைக்கக் கூடாது. உடனே நிலையான சில அளவுகளில் வெட்டி, அளவுவாரியாகப் போட்டுவைக்க வேண்டும். அவர் சொல்லும் அகலங்களில் 1½, 2, 2½, 3½ அங்குலம் உண்டு. இந்த எண்கள் ஒன்றோடொன்று பேசும். 1½ அங்குலப் பட்டை மூன்றைத் தைத்து இணைத்தால் அகலம் சரியாக 3½ அங்குலம். அதன் பக்கத்தில் ஒரு 3½ அங்குலச் சதுரத்தை அப்படியே வைத்துத் தைக்கலாம். பத்து வருஷத்துக்கு முன் வெட்டியதும் இன்றைக்கு வெட்டியதும் ஒரே வரிசையில் உட்காரும்.

என் பைகளிலிருந்து முதலில் வந்தது ஒரு ப்ளவுஸ் கையின் மிச்சம். அரக்கு நிறம், ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் டெய்லர் அண்ணனின் சாக்பீஸ் கோடு. இஸ்திரி போட்டேன். கரையை வெட்டி நேராக்கினேன். பெரிய அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்: 3½ வருமா என்று பார்த்தேன், ஒன்று வந்தது. மிச்சத்தில் 2½ அங்குலத்தில் இரண்டு. வளைவின் பக்கத்தில் 1½ அங்குலத்தில் ஒரு பட்டை, நான்கு அங்குல நீளம். எஞ்சியது ஒரு பிறைத் துணுக்கு. அதைக் குப்பைக்குப் போட்டபோது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

ஐந்தடி அகலம், ஆறடி எட்டங்குல நீளம் உள்ள ஒரு போர்வையின் மேல்பக்கத்துக்கு 2½ அங்குலச் சதுரம் 1200 வேண்டும். 1200 சதுரங்களின் மொத்த எடை ஏறத்தாழ 700 கிராம். முக்கால் கிலோவுக்குள் ஒரு போர்வை! 11 கிலோவை இந்தக் கணக்கில் வகுத்துப் பார்த்தபோதுதான் பரணில் பதினைந்து போர்வை மூச்சுவிடாமல் கிடந்தது புரிந்தது.

கலக்கக் கூடாதவை

வெட்டுவதற்கு முன் ஒரு பிரிப்பு இருக்கிறது. பருத்தி தனி, பட்டு தனி, பாலியஸ்டர் தனி. திருப்பூர்ப் பக்கம் உறவு இருக்கிறவர்கள் வீட்டில் பனியன் துணித் துண்டு மூட்டையாகவே கிடைக்கும். ஆனால் பின்னல் துணி இழுத்த பக்கம் எல்லாம் வரும். நெய்த துணியோடு தைத்தால் இரண்டாவது தோய்ப்பில் ஒன்று தொங்கும், ஒன்று சுருங்கும். பனியன் துணியைத் தரை துடைக்கவும் மிதியடி பின்னவும் வைத்துக்கொள்ளலாம்.

பார்த்தால் பருத்தி மாதிரியே இருக்கும் துணியில் சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பாக, கெட்டியான மணியாகச் சுருளும். பட்டு, முடி கருகும் நாற்றம்.

அடுத்தது நிறம். வானவில் வரிசை கண்ணுக்கு அழகு. ஆனால் தைக்கும்போது உதவுவது வெளிர், நடுத்தரம், அடர் என்ற பிரிப்பு. வேறு வேறு நிறம் என்று நாம் நினைத்த மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். செல்போனில் படமெடுத்துக் கறுப்புவெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இரண்டும் ஒரே டப்பா.

அட்டையில் சுற்றும் வித்தை

*அரை மீட்டருக்கு மேல் உள்ள துணியைத் துண்டாக்க வேண்டாம். புத்தகம்போல் நிறுத்திவைக்கலாம்.*

அமெரிக்கர்கள் இதற்குக் காமிக்ஸ் புத்தகம் வளையாமல் உறைக்குள் செருகும் அட்டையைப் பயன்படுத்துகிறார்கள். ஏழு அங்குலம், பத்தரை அங்குலம். அமிலம் நீக்கியது. சாதாரண அட்டைப்பெட்டியை வெட்டி வைத்தால் அதன் அமிலம் சில வருஷத்தில் துணியில் பழுப்புக் கோடு போடும்; கரையானுக்கும் அழைப்பு வைத்ததாகும். விளம்பரப் பலகை செய்யும் கடையில் சன்போர்டுத் துண்டைக் கேட்டு அதே அளவில் வெட்டிக்கொள்ளலாம்.

1. 44 அங்குலப் பன்னாத் துணியைக் கரையோடு கரை சேர்த்து மடித்தால் 22 அங்குலம். இன்னொரு முறை மடித்தால் 11.

2. அட்டையின் பத்தரை அங்குலப் பக்கத்தை இந்தப் 11 அங்குலப் பட்டையின் மேல் வைத்து, கடையில் துணிச் சுருள் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே போக வேண்டும். இறுக்க வேண்டாம்.

3. கடைசி விளிம்பை உள்ளே மடித்துக் குத்தூசி போடாமல் க்ளிப் போட வேண்டும். ஊசி துருப்பிடித்தால் கறை போகாது.

4. மீட்டர் அளவைச் சின்னக் காகிதத்தில் எழுதிச் செருகிவிட வேண்டும். எடுக்கும்போதெல்லாம் பழைய எண்ணை அடித்துப் புது எண்.

அட்டை கிடைக்காவிட்டால் 6 அங்குல அகல அளவுகோலையே அச்சாக வைத்துச் சுற்றி, பின் கோலை மட்டும் உருவிவிடலாம். எப்படிச் செய்தாலும் எல்லாத் துணியும் ஒரே உயரத்தில், முதுகு தெரிய நிற்க வேண்டும். கண்ணுக்குப் படாத துணியை யாரும் தைப்பதில்லை.

வெயில், ஈரம், கஞ்சி

கண்ணுக்குப் பட வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி ஜன்னலுக்கு எதிரே வைத்துவிடக் கூடாது. மடிப்பின் முதுகு மட்டும் வெளுத்து, துணியை விரித்தால் வரிவரியாக வெள்ளைக் கோடு தெரியும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா, மூடுகிற கதவுள்ள பீரோவுக்குள். அதுதான் இரண்டுக்கும் நடுவழி.

சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. இறுக்கி மூடும் டப்பாவில் சற்று ஈரத்தோடு துணி உள்ளே போனால், அந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூஞ்சையாகும். என் நான்காவது பையில் நடந்தது அதுதான். டப்பாவின் பக்கத்தில் இரண்டு மூன்று துளை போட்டு, மருந்து பாட்டிலோடும் செருப்புப் பெட்டியோடும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவைக்கலாம். கார்த்திகை, மார்கழியில் வெயில் அடிக்கும் நாளில் டப்பாக்களைத் திறந்து நிழலில் காற்றாட விடுவது எல்லாவற்றிலும் நல்லது.

பூச்சி விஷயத்தில் நாம் பயப்படுவது தவறான பூச்சிக்கு. அந்து கம்பளிக்கும் பட்டுக்கும் எதிரி. பருத்திக்கு எதிரி ராமபாணம், அதாவது வெள்ளிப்பூச்சி. அது தேடி வருவது மாவுப்பொருளை. கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி செய்து அடுக்குவது அதற்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான். கஞ்சி வெட்டுவதற்கு முன்னால் போட வேண்டியது, அடுக்குவதற்கு முன்னால் அல்ல. அந்துருண்டை துணியையோ பிளாஸ்டிக்கையோ நேராகத் தொடக் கூடாது. வேப்பிலையும் வசம்பும் வைக்கிறவர்கள் சின்னத் துணியில் முடிந்து ஓரமாக வைக்கலாம். (மூன்று பயறு முடிகிற துணிக்கு ஒரு வேலை கிடைத்தது.)

தைத்து முடித்த போர்வைக்கு நமக்கு ஏற்கெனவே தெரிந்த வைத்தியம்தான். பட்டுப்புடவையை நாலைந்து மாசத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றிவைப்போமே, அது. அருங்காட்சியகங்களிலும் இதே விதிதான்: ஒரே கோட்டில் மடிந்தே கிடந்தால் அந்தக் கோட்டில் நூல் விட்டுப்போகும். அங்கே மடிப்புக்குள் அமிலமில்லாத காகிதத்தை உருட்டி வைக்கிறார்கள். நாம் பழைய வெள்ளை வேட்டியை உருட்டி வைக்கலாம்.

சாயம் போன கதை

வெட்டும் முன் துணியை நனைக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் போர்வை. வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி. ஆறு மாசம் கையால் தைத்தது. ஒரே தோய்ப்பில் வெள்ளை எல்லாம் ரோஸ்மில்க். சிவப்பு துணி அடக்க விலையில் எங்கோ எடுத்தது. தண்ணீரே காட்டாமல் வெட்டியிருந்தேன்.

சாயம் போவதையே பெருமையாக விற்ற காலமும் இருந்தது. 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைக்கு அலைந்தார்கள். ஒவ்வொரு தோய்ப்புக்கும் அதன் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து புது நிறம் காட்டின. சாயம் நிச்சயம் போகும் என்பதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்தார்கள். சட்டைக்கு அது அழகு. வெள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும் துண்டுக்கு அது வினை.

இப்போது என் வீட்டு வாசலைத் தாண்டும் எந்தத் துணியும் தண்ணீரில் நனையாமல் டப்பாவுக்குப் போகாது. சிவப்பு, கருநீலம், அரக்கு என்றால் நனைந்த துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி, இரவு முழுக்க வைத்துப் பார்ப்பேன். வெள்ளையில் கறை இறங்கினால் அது தனி டப்பா, மேலே சிவப்பு மையில் பெரிதாக ‘சா’.

அளவு பார்க்காத கைகள்

இவ்வளவு அளவையும் டப்பாவையும் சொன்னபிறகு, இவை எதுவும் இல்லாமல் உலகின் மிக அழகான சில போர்வைகள் பிறந்ததையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்வது. 1942-ல் அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண் இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். முழங்காலில் தேய்ந்த இடமும் வெளுக்காத பாக்கெட் அடியும் அதில் அப்படியே தெரிகின்றன. 1972-ல் அந்தப் பகுதிப் பெண்களின் தையல் கூட்டுறவுக்கு ஒரு பெரிய கடையிலிருந்து கார்ட்ராய் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. மிஞ்சிய கார்ட்ராய் துண்டுகள் வீடுகளுக்குப் போய், பொன் மஞ்சளும் பாசிப்பச்சையுமாக ஒரு தலைமுறைப் போர்வைகளாயின. 2002-ல் அவை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளில் வந்தன.

நமக்குப் பக்கத்திலேயே, வட கன்னடத்தின் காட்டோர ஊர்களில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் ‘கவந்தி’ தைக்கிறார்கள். வெட்டி வைப்பதில்லை, சதுரமாக்குவதில்லை. வீட்டிலுள்ள பழந்துணியை விளிம்பில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். நான்கு மூலையிலும் சின்ன முக்கோணங்களை மடித்துப் பூ வைக்கிறார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமான போர்வை.

இந்தப் பெண்கள் யாரும் துணியைப் பையில் கட்டிப் பரணில் ஏற்றியதில்லை. அவர்களிடம் மிச்சமே இல்லை. உடுப்பு கிழிந்தது, போர்வையானது. கைக்கும் துணிக்கும் நடுவில் பரண் வந்தபிறகுதான் டப்பாவும் அளவும் தேவைப்படுகின்றன. பரண் வைத்த வீட்டில் இருப்பவள் என்பதால் எனக்கு டப்பா வேண்டியிருக்கிறது.

எடுத்தால்தானே குறையும்

அடுக்கி முடித்த நிறைவில் நின்றுவிடுவதுதான் அடுத்த ஆபத்து. பார்த்துப் பார்த்துப் பூரிக்கிற டப்பாவும் பதுக்கல்தான்.

பானி ஹன்டரே இதற்கும் ஒரு தந்திரம் சொல்கிறார். மிஷினில் ஒரு தையலை முடித்து நூலை வெட்டும் இடத்தில், வெறும் துணுக்கை ஓட்டுவதற்குப் பதில் டப்பாவிலிருந்து இரண்டு சதுரங்களை எடுத்து ஓட்ட வேண்டும். அவற்றை அங்கேயே மிஷின் பாதத்தின் கீழ் விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை வெட்டி எடுக்கலாம். ப்ளவுஸுக்கு ஓரம் அடித்தாலும், திரைச்சீலை தைத்தாலும், பக்கத்திலேயே ஜோடி ஜோடியாகச் சதுரங்கள் சேரும். நூலும் மிச்சம். நான் ஒரு ஸ்டீல் டம்ளரை மிஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் நிறைத்தால் சாயங்காலம் காலி.

பாதியில் நின்ற வேலைகளுக்கு ஜிப் பை. உள்ளே வெட்டிய துண்டு, அதே நிற நூல், எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று ஒரு வரி, தேதி. இந்தத் தேதிதான் முக்கியம். இரண்டு போகி தாண்டியும் திறக்கப்படாத பை வேறு கைக்குப் போகும்.

மொத்தத்துக்கும் ஓர் எல்லை வைத்தேன். பீரோவில் ஒரே ஒரு தட்டு. அது நிறைந்தால் வாங்கக் கூடாது.

வேடு கட்ட ஒரு துணி

போகிக்குள் 11 கிலோவும் தீராது என்று தெரிந்ததும் நெருப்பில் எதையும் போடவில்லை. பூஞ்சை பிடித்தது மட்டும் குப்பைக்குப் போனது. மிச்சத்தை இரவுகளில் வெட்டினேன். வட்டக்கத்தி கையில் இருந்தால் ஒரு போதை வரும். எதைப் பார்த்தாலும் 2½ அங்குலம். தாம்பூல ரவிக்கைகள், பழைய பருத்திப் புடவைகள், தலையணை உறை, எல்லாம் சதுரமாயின. பங்குனி வந்தபோது பன்னிரண்டு டப்பா, வெளிர் முதல் அடர் வரை, கண்காட்சி மாதிரி.

சித்திரையில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தாள். மாவடு போட்டாள். டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு அரக்குச் சதுரத்தை எடுத்து, “இது உன் வளைகாப்பு ரவிக்கையோல்லியோ” என்றாள். சரியாகச் சொன்னாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஜாடியின் வாயைத் துடைத்துவிட்டு, “வேடு கட்ட ஒரு துணி கொண்டா” என்றாள்.

தேடினேன். பன்னிரண்டு டப்பா, ஆயிரக்கணக்கான சதுரம். ஒரு மாவடு ஜாடியின் வாயை மூட ஒரு சாண் வெள்ளைத் துணி வீட்டில் இல்லை.

அம்மா எதுவும் சொல்லவில்லை. தன் பையின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்து, ஜாடி வாயில் விரித்து, இழுத்துக் கட்டினாள். அப்பாவின் வேட்டி, எத்தனை தோய்ப்போ கண்டு மெத்தென்று ஆனது. அரை மீட்டருக்கு மேல் உள்ளதை வெட்டாதே என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.